பதினான்கு மாதம் பின்னோக்கிப் போன சர்வர்

2022 ஜூன் மாதத்து இரண்டாவது வாரத்தில் ஒரு நண்பகல், கிருஷ்ணகிரிக்கு வெளியே உள்ள ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையின் எடைமேடை அறையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. “அண்ணா, காலையில சிஸ்டம் அப்படியே நின்னு போச்சு. பவர ஆஃப் பண்ணிப் போட்டோம், வந்திருச்சு. ஆனா கணக்கு தட்டுனா போன வருஷத்து லாரிதான் வருது, இந்த வருஷம் போட்டது ஒண்ணுகூட இல்ல” என்றார் அங்கே எடைச்சீட்டு போடும் பெண். சர்வர் நின்றுபோவது எனக்குப் பழக்கமானதுதான். நின்றுபோன சர்வர் மீண்டும் எழுந்து, எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல், பதினான்கு மாதத்துக்கு முந்தைய நிலையில் அமைதியாக வேலை செய்துகொண்டிருப்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளிகளிலும் சிறு ஆலைகளிலும் ஓடும் பழைய லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். அன்று நடந்ததை முழுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன். அந்தப் பழுதின் வேர் அன்று காலையில் இல்லை. 2012-இல் அந்த சர்வரை நிறுவிய நாளில் அதன் வன்தட்டுகளை அமைத்த விதத்தில் இருந்தது. அதை நிறுவியவன் நான்.

முதலில் அந்த அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 6. 500 ஜிபி கொள்ளளவுள்ள இரண்டு சாட்டா தட்டுகள். இரண்டிலும் ஒரே தகவல் எழுதப்படும் ரெய்டு 1 இணை. அதை இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் மென்பொருள் ரெய்டே நடத்தியது, தனி ரெய்டு அட்டை எதுவும் இல்லை. பூட் பகுதிக்கு ஓர் இணை, மற்ற அனைத்துக்கும் ஓர் இணை. அதன்மீது இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், பிஎச்பி 5.3-இல் எழுதப்பட்ட எடைச்சீட்டு நிரல். சென்ட்ஓஎஸ் 6-க்கான ஆதரவு 2020 நவம்பர் 30-இல் முடிந்துவிட்டது என்பதும், அந்த நிரல் புதிய பிஎச்பி பதிப்புகளில் ஓடாது என்பதால் இயங்குதளத்தை மாற்றாமலே வைத்திருந்தோம் என்பதும் இந்தப் பகுதிகளில் பழைய சர்வர் வைத்திருக்கும் யாருக்கும் புரியும். ஒரு நிரலை மாற்றி எழுதச் செலவு செய்ய முடியாத இடத்தில்தான் பழைய சர்வர் உயிரோடு இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது தொழிற்சாலை வாசலில் லாரிகளும் டிராக்டர்களும் சாலைவரை நின்றன. பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை. எடை போட்ட காய்க்குத்தான் விவசாயிக்குப் பணம். அந்தப் பருவத்தின் ஆறு வாரக் கணக்கும் அந்தத் தரவுத்தளத்தில் இருந்தது. இரவில் எடுக்கப்படும் தரவுத்தள நகல் அதே இணைத் தட்டுகளில்தான் சேமிக்கப்பட்டு வந்தது. வெளியே எடுத்துச் சென்ற கடைசி நகல் மார்ச் மாதத்துடையது. சீட்டுகளின் கார்பன் பிரதிகள் இருந்தன என்பது ஓர் ஆறுதல். ஆனால் ஆயிரக்கணக்கான சீட்டுகளை மறுபடி ஏற்றுவது பருவத்தின் நடுவே நடக்கக்கூடிய காரியம் அல்ல.

எனக்கு முன்பே அங்கே ஓர் ஆலோசனை வந்து சேர்ந்திருந்தது. மேலாளர் தொலைபேசியில் யாரிடமோ கேட்டிருக்கிறார். “ரெய்டில் ஒரு தட்டு கழன்றிருக்கிறது, அதைத் திரும்பச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லி, அதற்கான கட்டளையையும் ஒரு தாளில் எழுத வைத்திருந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. அன்றைய நிலையில் அந்தக் கட்டளையைக் கொடுத்திருந்தால், பதினான்கு மாதத்துக்கு முந்தைய நிலையில் நின்ற தட்டின் உள்ளடக்கம், அண்மைக் கணக்கு இருந்த மற்றத் தட்டின்மீது முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை எழுதப்பட்டிருக்கும் (செக்டர் என்பது தட்டில் தகவல் எழுதப்படும் சிறு கூறு). ஆறு வாரக் கணக்கும், அதற்கு முந்தைய ஆண்டின் முழுப் பருவமும் அந்தத் தட்டிலிருந்து சில மணி நேரத்தில் மீட்க இயலாதபடி அழிந்திருக்கும். ரெய்டு மென்பொருளுக்கு எந்தத் தட்டில் உள்ள கணக்கு உண்மையானது என்று தெரியாது. எந்த இணை ஓடிக்கொண்டிருக்கிறதோ அதுவே அதற்கு மூலம். புதிதாகச் சேர்க்கப்படுவது நகல் எழுதப்பட வேண்டிய வெற்றுத் தட்டு.

ஆகவே நான் செய்த முதல் வேலை எதையும் சரிசெய்வது அல்ல. வலைக் கம்பியைப் பிடுங்கினேன். அதனால் வேறு கணினிகளிலிருந்து புதுப் பதிவுகள் வருவது நின்றது. தரவுத்தளத்தை முறைப்படி நிறுத்தினேன். இணையின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பையும், கெர்னல் செய்திகளையும் ஒரு பென் டிரைவில் எழுதிக்கொண்டு சர்வரை அணைத்தேன். அதுவரை பழைய தட்டின்மீது மூன்று மணி நேரம் 42 வண்டிகளுக்கு எடை பதிவாகியிருந்தது. அதாவது, ஒரே சர்வருக்கு இப்போது இரண்டு வரலாறுகள் இருந்தன: ஒரு தட்டில் 2021 ஏப்ரல் வரையிலும், பிறகு இன்றைய மூன்று மணி நேரமும், மற்றொன்றில் 2021 ஏப்ரலுக்குப் பிறகு இன்று காலை வரை நடந்த அனைத்தும். இரண்டிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்ததால் இரண்டையும் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இது எப்படி நடந்தது என்பதைப் பின்னால் பதிவுகளைப் படித்தபோது படிப்படியாக அறிந்தேன். புரிவதற்காக அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2021 ஏப்ரலில் எடைமேடைக்குப் புது அறை கட்டி, சர்வரை அங்கே இடம் மாற்றியிருக்கிறார்கள். தூக்கி வைத்ததில் முதல் தட்டின் சாட்டா கம்பி தளர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் அந்தத் தட்டு கெர்னலுக்குப் பதில் சொல்லத் தவறியிருக்கிறது. இணைப்பை மீட்டமைக்கச் சில முறை முயன்றுவிட்டு, கெர்னல் அதைப் பழுதானது என்று குறித்து இணையிலிருந்து விலக்கியது. அன்று முதல் சர்வர் இரண்டாம் தட்டை மட்டும் கொண்டு ஓடியிருக்கிறது. நினைவகம் போதாதபோது அதன் பக்கங்களைத் தட்டில் வைக்கும் ஸ்வாப் பகுதியை இணையாக வைக்காமல் இரு தட்டுகளிலும் தனித்தனியாக வைத்திருந்தேன். அதனால் முதல் தட்டு விலகிய கணத்தில் அதிலிருந்த நினைவகப் பக்கங்கள் போய், தரவுத்தளமும் சாய்ந்திருக்கிறது. “போன வருஷம் ஒரு தடவை நின்னுச்சு, திரும்பப் போட்டதும் ஓடிருச்சு” என்று அந்தப் பெண்ணும் நினைவுகூர்ந்தார். திரும்ப ஓடியதால் யாரும் என்னை அழைக்கவில்லை.

ரெய்டைக் கண்காணிக்கும் சேவை தன் கடமையைத் தவறாமல் செய்திருக்கிறது. இணை குறைபட்டிருக்கிறது என்று ஒவ்வொரு முறை சர்வர் எழும்போதும் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. பருவம் முடிந்த மாதங்களில் ஒவ்வொரு மாலையும் சர்வரை அணைத்துக் காலையில் போடும் வழக்கம் இருந்ததால், அத்தகைய மின்னஞ்சல்கள் முந்நூறுக்கும் மேல் சேர்ந்திருந்தன. அவை அனைத்தும் அந்த சர்வருக்குள்ளேயே இருக்கும் ரூட் என்னும் நிர்வாகப் பயனரின் அஞ்சல்பெட்டியில் கிடந்தன. நிறுவும்போது வெளி முகவரி ஒன்றை நான் கொடுக்கவில்லை. முந்நூறு முறை கூப்பிட்டும் காதில் விழாத அந்தக் குரலை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது பூட் லோடர், அதாவது சர்வரைப் போட்டதும் கெர்னலை ஏற்றும் சிறு நிரல். இங்கே அது பழைய க்ரப்; நிறுவலின்போது முதல் தட்டில் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அந்தப் பழைய க்ரப்புக்கு ரெய்டு என்றால் என்னவென்று தெரியாது. பூட் பகுதியின் ரெய்டு அடையாளம் பகுதியின் கடைசியில் இருக்கும் வகையைச் சேர்ந்தது என்பதால், அது அந்தப் பகுதியைச் சாதாரணக் கோப்பு முறைமையாகவே படித்துக் கெர்னலை ஏற்றிவிடும். எனவே இணையிலிருந்து விலக்கப்பட்ட அதே முதல் தட்டிலிருந்துதான் பதினான்கு மாதமும் சர்வர் எழுந்திருக்கிறது. கம்பி தளர்ந்திருந்தாலும் காலை நேரத்தில் சில நிமிடங்கள் தொடர்பு கிடைத்தது. கெர்னல் ஏறியதும், இணையில் மாற்றம் நடக்கும்போது கூடும் நிகழ்வு எண்களை இரு தட்டுகளிலும் ஒப்பிட்டு, முதல் தட்டு புதியதல்ல என்று ஒதுக்கிவிட்டு இரண்டாம் தட்டைக் கொண்டு இணை எழுந்தது. இடையில் யாராவது பழுதான தட்டு என்று முதல் தட்டைக் கழற்றியிருந்தால் சர்வர் எழுந்தே இருக்காது.

அன்று காலை நடந்தது இதன் மறுபக்கம். பதினான்கு மாதம் தனியாகச் சுமந்த இரண்டாம் தட்டில் படிக்க முடியாத செக்டர்கள் தோன்றியிருந்தன. அது மேசைக் கணினிக்கான தட்டு. அத்தகைய தட்டு ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் உடனே பிழை என்று சொல்லாமல் ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் தானே திரும்பத் திரும்ப முயலும். கெர்னலோ 30 வினாடிக்கு மேல் காத்திராது. தட்டு உறைந்துவிட்டது என்று எண்ணி இணைப்பை மீட்டமைக்கும். இந்தப் போராட்டத்தில் கோப்பு முறைமையின் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஜர்னலை எழுதும் இழை 120 வினாடிக்கும் மேலாக நகராமல் நிற்பதாகக் கெர்னல் திரையில் செய்தி காட்டும். எடைமேடையில் இருந்தவர்களுக்கு அது வெறும் உறைந்த திரை. மின்சாரத்தை அணைத்துப் போட்டார்கள். இந்த முறை இரண்டாம் தட்டு எழ மறுத்துவிட்டது. முதல் தட்டு மட்டும் கண்ணில் பட்டது. அதன் ரெய்டு குறிப்பில், அது விலக்கப்பட்ட செய்தி இல்லை. விலக்கப்பட்ட தட்டில் அதை எழுத முடியாது அல்லவா? அதன் அறிவில் அது 2021 ஏப்ரலின் நலமான இணையில் ஓர் உறுப்பு. துணைத் தட்டுக்காகச் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, குறைபட்ட இணையாக அது எழுந்தது. ஜர்னல் சரிபார்க்கப்பட்டது, தரவுத்தளம் எழுந்தது, எடைச்சீட்டுத் திரை வந்தது. ஒவ்வொரு அடுக்கும் தனக்குத் தெரிந்தவரை சரியாகவே நடந்துகொண்டது.

இரு தட்டுகளையும் என் மேசைக்குக் கொண்டுவந்து, தட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் படித்தபோது இந்தக் கதை உறுதிப்பட்டது. முதல் தட்டில் 5-ஆம் எண் வரிசை, அதாவது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், பூஜ்யம். 197-ஆம் எண், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை, அதுவும் பூஜ்யம். ஆனால் 199-ஆம் எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அது தட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் சிதைந்த எண்ணிக்கை; பெரும்பாலும் கம்பியையே குற்றம் சாட்டும் எண். இரண்டாம் தட்டில் 199 பூஜ்யம்; 5-உம் 197-உம் மூன்று இலக்கத்தில். பழுதானது என்று விலக்கப்பட்ட தட்டு நலமாக இருந்தது. நலமானது என்று நம்பப்பட்டது செத்துக்கொண்டிருந்தது. தட்டு விலகியது என்ற செய்தியைப் பார்த்ததும் புதுத் தட்டு வாங்க ஓடுபவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: 199-ஐ முதலில் பாருங்கள், பிறகு 197-ஐப் பாருங்கள். கம்பியின் விலை நூறு ரூபாய்.

என்னிடம் 1 டெராபைட் தட்டு ஒன்று இருந்தது. இன்னும் இரண்டும் புதுக் கம்பிகளும் வேண்டியிருந்தன. தொழிற்சாலை வண்டியின் ஓட்டுநரைப் பெங்களூரில் கணினிப் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்கு அனுப்பினோம். ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவு. ஓசூரைக் கடக்கும் நேரத்தைப் பொறுத்தது பயணம். தட்டை வாங்கும்போது அது தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் வகையா என்று கேட்டு, அந்த வகையாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். இணையை மறுபடி கட்டும்போது இடைவிடாத எழுத்து வேலை இருக்கும். அந்த வகைத் தட்டுகள் அதில் மிகவும் திணறி, மறுபடியும் இணையிலிருந்து விலக்கப்படும் அளவுக்குத் தாமதிக்கக்கூடும்.

வண்டி போய்வருவதற்குள் மோசமான தட்டை நகலெடுக்கத் தொடங்கினேன். இதற்கு நான் பயன்படுத்துவது க்னூ டிடிரெஸ்க்யூ என்ற நிரல். அது முதல் சுற்றில் நன்றாகப் படிக்கும் பகுதிகளையெல்லாம் விரைந்து எடுத்துக்கொண்டு, இடறும் இடங்களைத் தாண்டிச் செல்லும். எது எடுக்கப்பட்டது, எது மிச்சம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். இடையில் மின்சாரம் போனாலும், தட்டு சூடேறி நிறுத்த வேண்டி வந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செத்துக்கொண்டிருக்கும் தட்டிடம் கடினமான இடங்களை முதலிலேயே கேட்டு வதைத்தால், எளிதாகக் கிடைத்திருக்கக்கூடியவையும் கிடைக்காமல் போகும். முதல் சுற்று இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. மிச்சத்தை மூன்று முறை மீண்டும் முயலச் சொல்லி இரவு முழுவதும் விட்டேன். ஜூன் மாதத்துப் புழுக்கத்தில் தட்டின்மேல் ஒரு மேசை மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் எஞ்சியது 120 செக்டர்கள், அதாவது 61,440 பைட்டுகள். 500 ஜிபியில் அவ்வளவுதான் இழப்பு. முதல் தட்டு ஒரு பிழைகூட இல்லாமல் வேறொரு புதுத் தட்டுக்கு நகலானது.

அந்த 120 செக்டர்கள் எந்தக் கோப்புகளுக்குள் இருந்தன என்பதே அடுத்த கேள்வி. இதைச் செய்யாமல் கோப்பு முறைமைச் சரிபார்ப்பை ஓட்டுவதை நான் விரும்புவதில்லை. எஃப்எஸ்சிகே என்ற அந்தச் சரிபார்ப்பு நிரல் கோப்பு முறைமையின் ஒழுங்கைத்தான் சரிசெய்யும், கோப்புக்குள் உள்ள தகவலைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. ஒழுங்குக்காக அது சிலவற்றை வெட்டியும் விடும். எனவே நகலை முதலில் எழுத முடியாதபடி பூட்டினேன். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: இஎக்ஸ்டி3, இஎக்ஸ்டி4 கோப்பு முறைமைகளைப் படிப்பதற்கு மட்டும் என்று ஏற்றினாலும், ஜர்னலில் எஞ்சியவற்றை அவை எழுதி முடித்துவிட்டுத்தான் ஏறும். ஜர்னலை ஏற்றாதே என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

கணக்கு கடினமானதல்ல. தட்டின் செக்டர் எண்ணிலிருந்து பகுதி தொடங்கும் செக்டரைக் கழிக்க வேண்டும். பிறகு ரெய்டு உறுப்பில் தகவல் தொடங்கும் இடத்தைக் கழிக்க வேண்டும். 512 பைட் செக்டர்கள் எட்டு சேர்ந்தால் கோப்பு முறைமையின் ஒரு 4096 பைட் பிளாக் என்பதால் எட்டால் வகுக்க வேண்டும். என் குறிப்பேட்டில் உள்ள ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன்: படிக்க முடியாத செக்டர் 41,23,45,344; பகுதியின் தொடக்கம் 10,26,048; ரெய்டு தகவலின் தொடக்கம் 2,048. கழித்தால் 41,13,17,248, எட்டால் வகுத்தால் பிளாக் எண் 5,14,14,656. இந்த எண்ணை டீபக்எஃப்எஸ் கருவியிடம் கொடுத்தால் அது எந்த ஐநோடுக்கு, அதாவது கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் எந்தப் பதிவுக்கு, உரியது என்றும், ஐநோடைக் கொடுத்தால் எந்தக் கோப்பு என்றும் சொல்லும். ரெய்டு தகவலின் தொடக்கத்தைக் கழிக்க மறப்பதுதான் பலர் செய்யும் தவறு; அந்தத் தவறோடு தேடினால் பிளாக் எண் 256 தள்ளிப்போய், தொடர்பே இல்லாத ஒரு கோப்பைச் சந்தேகிக்க நேரும்.

மொத்தம் 15 பிளாக்குகள். ஒன்பது எந்தக் கோப்பிலும் இல்லாத காலி இடங்கள். நான்கு பழைய வலைப் பதிவேட்டில். ஒன்று 2019-ஆம் ஆண்டின் தரவுத்தள நகல் ஒன்றில். கடைசி ஒன்று எடைச்சீட்டு அட்டவணையிலேயே இருந்தது. ஆனால் அதன் தகவல் கோப்பில் அல்ல, பதிவுகளைத் தேட உதவும் சுட்டுக் (இன்டெக்ஸ்) கோப்பில். அந்த அட்டவணை மைஐஎஸ்ஏஎம் வகை. அதில் தகவல் ஒரு கோப்பிலும் சுட்டு வேறொரு கோப்பிலும் இருக்கும். சுட்டு கெட்டால் தகவலிலிருந்து புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். அந்த வரி திரையில் தெரிந்தபோது நான் எழுந்து வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன். நாலைந்து பிளாக் தள்ளி அந்தப் பழுது விழுந்திருந்தால் சில விவசாயிகளின் எடைகள் போயிருக்கும்.

இதன் பிறகே, நகலின் நகல் ஒன்றில், எதையும் மாற்றாமல் குறைகளை மட்டும் பட்டியலிடும் முறையில் சரிபார்ப்பை ஓட்டினேன். பட்டியல் சிறியது என்று கண்டபின் உண்மையான திருத்தத்தை அனுமதித்தேன். கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக் கெட்டு ஏற மறுக்கும் தட்டுகளும் என்னிடம் வருவதுண்டு. 4096 பைட் பிளாக் கொண்ட கோப்பு முறைமையில் மாற்று சூப்பர்பிளாக் 32,768-ஆம் பிளாக்கில் இருக்கும், அடுத்தது 98,304-இல். அவற்றைக் கொண்டு சரிபார்க்கலாம். அன்று அதற்குத் தேவை வரவில்லை. அட்டவணையைப் பழுது நீக்கினேன், சுட்டு மீண்டும் உருவானது, பருவத்தின் கடைசிச் சீட்டு, சர்வர் நின்றதற்கு முந்தைய நாள் இரவு 11 மணி லாரியுடையது என்று காட்டியது. பழைய தட்டில் பதிவான 42 வண்டிகளை அந்தப் பெண்ணே கார்பன் பிரதியைப் பார்த்து மறுபடி ஏற்றினார். நான் பழைய தட்டின் நகலிலிருந்து எடுத்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நிரலின் மூலம் ஒட்டியிருக்கலாம்தான். ஆனால் பழைய தட்டு தன் வரிசை எண்ணைக் கடந்த ஆண்டில் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தது. அந்த எண்கள் ஏற்கெனவே வேறு வண்டிகளுக்குக் கொடுக்கப்பட்டவை. கையால் ஏற்றுவதே சரி என்று பட்டது.

மறுபடி நிறுவும்போது பழைய பகுதி அட்டவணையை அப்படியே புதுத் தட்டில் படியெடுக்கவில்லை. இதற்குக் காரணம் தருமபுரியில் ஒரு பள்ளியின் சர்வரில் நான் கற்ற பாடம். அது சென்ட்ஓஎஸ் 5. பழைய வழக்கப்படி முதல் பகுதி 63-ஆம் செக்டரில் தொடங்கியிருந்தது. புதுத் தட்டு உள்ளுக்குள் 4096 பைட் செக்டர் கொண்டது, வெளியே மட்டும் 512 என்று சொல்லிக்கொள்ளும். 63-ஐ எட்டால் வகுக்க முடியாது என்பதால் கோப்பு முறைமையின் ஒவ்வொரு பிளாக்கும் தட்டின் இரண்டு உண்மையான செக்டர்களின் குறுக்கே விழுந்தது. ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் தட்டு இரண்டையும் படித்து, மாற்றி, திரும்ப எழுத வேண்டியிருந்தது. தேர்வு மதிப்பெண் ஏற்றும் நாளில் சர்வர் தவழ்ந்தது. 2,048-இல் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பழைய வகை அட்டவணை செக்டர் எண்ணை 32 பிட்டில் வைப்பதால் 2.2 டெராபைட்டுக்கு மேல் எட்டாது என்பதையும் பெரிய தட்டு வாங்கும் முன் நினைவில் கொள்ள வேண்டும்.

ஸ்வாப் பகுதியையும் இந்த முறை இணையாக்கினேன். தட்டுகள் 7 வினாடிக்குள் பிழையை ஒப்புக்கொள்ளும்படி அமைத்தேன். அதை ஏற்காத தட்டாக இருந்தால் கெர்னலின் காத்திருப்பை 30-லிருந்து 180 வினாடிக்கு உயர்த்துவேன். க்ரப்பை இரு தட்டுகளிலும் எழுதினேன். எழுதியதோடு நிற்காமல், முதல் தட்டின் கம்பியைக் கழற்றிவிட்டு சர்வரைப் போட்டேன். அது எழவில்லை. திரையில் க்ரப் என்ற சொல் மட்டும் நின்றது. தனியாக இருக்கும்போது இரண்டாம் தட்டே மதர்போர்டின் பயாஸ் கணக்கில் முதல் தட்டாகிவிடும். நான் எழுதிய க்ரப்போ இன்னும் இரண்டாவது எண்ணில் உள்ள தட்டைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தட்டையே முதல் தட்டு என்று க்ரப்பிடம் சொல்லி மறுபடி எழுதியபின், எந்தத் தட்டைக் கழற்றினாலும் சர்வர் எழுந்தது. சோதிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: ஒரு தட்டைக் கழற்றி எழுப்பிவிட்டால் அந்தத் தட்டு பழையதாகிவிடும்; அதை முழுமையாக மறுபடி இணைத்து ஒத்திசைவு முடிந்த பிறகே அடுத்ததைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பிளவை நீக்க வந்தோமோ அதையே நாம் உண்டாக்கிவிடுவோம்.

இரு தட்டுகளையும் முழுமையாகப் படித்து ஒப்பிடும் வேலையைச் சென்ட்ஓஎஸ் ஞாயிறு அதிகாலை ஒரு மணிக்கு வைத்திருக்கிறது. பருவம் இல்லாத ஒன்பது மாதமும் இந்த சர்வர் அந்த நேரத்தில் அணைந்தே இருந்தது. சென்ட்ஓஎஸ்-ஐ உருவாக்கியவர்கள் நினைத்த சர்வர் ஒருபோதும் அணையாதது. நம் ஊரில் மாலை ஆறு மணிக்கு ஆலையின் மெயினோடு சேர்த்து அணைக்கப்படுவது. அந்த ஒப்பிடலைத் திங்கள் காலை பத்து மணிக்கு மாற்றினேன்.

எல்லாச் சாய்வுக்கும் தட்டைக் குற்றம் சொல்ல முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சென்ட்ஓஎஸ் 6-இன் பழைய 2.6.32 கெர்னல்களில் சில, அணையாமல் 208 நாட்கள் ஓடியதும் தாமே சாயும் குறை கொண்டவை. கெர்னலின் உள் கடிகாரக் கணக்கு 2-இன் 54-ஆம் அடுக்கு நானோவினாடியில் நிரம்பி வழிவதே காரணம். தருமபுரியில் ஒருவர் ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை வரும் அந்தச் சாய்வுக்காக இரண்டு முறை தட்டுகளை மாற்றியிருந்தார். சர்வர் கடைசியாக எழுந்த தேதியையும் சாய்ந்த தேதியையும் கழித்துப் பார்த்தது ஒன்றே அதற்குத் தேவைப்பட்ட ஆய்வு.

மாங்கூழ் சர்வரை அந்தப் பருவம் முடியும்வரை சென்ட்ஓஎஸ் 6-லேயே, ஆலையின் வெளி இணையத் தொடர்பிலிருந்து துண்டித்து ஓடவிட்டோம்; லாரி வரிசையில் நிற்கும்போது இயங்குதளம் மாற்றுவது முறையல்ல. செப்டம்பரில் நிரலைத் திருத்தி டெபியன் 11-க்கு மாறினோம். முதல் தட்டு, புதுக் கம்பியோடு நீண்ட சோதனையில் தேறி, இன்று என் மேசையில் நகலெடுக்கும் வேலைக்கு உதவுகிறது.

இணையின் நிலையை மின்னஞ்சலில் அனுப்புவதோடு, எடைச்சீட்டுத் திரையின் மேற்பகுதியிலும் காட்டும்படி ஒரு சிறு நிரல் எழுதினேன். இரு தட்டும் நலம் என்று தேதியோடு ஒரு வரி வரும். ஒன்று விலகினால் அந்த வரி சிவப்பாகி என் எண்ணைக் காட்டும். திங்கள் காலை ஒப்பிடல் முடிந்ததும் அதில் ஒரு செய்தி சேரும். மின்வெட்டால் ஒப்பிடல் நின்றுபோய் அந்தச் செய்தி வராமலிருந்த ஒரு திங்களன்று, மதியத்துக்கு முன்பே அந்தப் பெண் என்னை அழைத்து, “அண்ணா, இன்னிக்கு அந்த வரி வரல” என்றார்.